இந்தக் கதையை யார் சொல்லட்டும்?

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், கோத்தகிரியில் ஒரு நண்பரின் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆறேழு பேர் கூடுவோம். எழுதியதைப் படிப்போம், டீ குடிப்போம், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கலைந்துவிடுவோம். போன மாதம் புதிதாக ஒரு பெண் வந்தார். கையில் கதை இல்லை, ஒரு சம்பவம் மட்டும் இருந்தது. "என்ன நடந்துச்சுன்னு தெரியும்ண்ணா. எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல" என்றார்.

சம்பவம் இதுதான். ஐப்பசி மழை விடாமல் பெய்கிற ஒரு நாள். குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் பறித்த பச்சைத் தேயிலையை ஒரு தாத்தா ரோட்டோர ஷெட்டுக்குத் தூக்கி வருகிறார். கூடவே லீவுக்கு வந்திருக்கும் பேத்தி. மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டினால் முள் 31-இல் நிற்கிறது. இலை வாங்குகிற ஏஜென்ட் ஈரத்துக்கென்று 4 கிலோ கழித்து, நோட்டில் 27 என்று எழுதுகிறான். தாத்தா "சரி தம்பி" என்கிறார். பேத்திக்குக் கோபம். பஸ் வருகிறது, தாத்தா ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வருகிறார். அவ்வளவுதான். ஒன்று பாக்கி: பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்கு முன்பணம் கொடுத்தவன் அந்த ஏஜென்ட்தான். அது பேத்திக்குத் தெரியாது.

பகலில் நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். ஈரக் கழிவு எனக்குப் புதிதல்ல. மழை நாளில் இலையோடு தண்ணீரும் எடை ஏறும் என்பது நிஜம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் கை நீளும். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள் வரும். அப்படிப் பார்த்தால் அந்த 4 கிலோ, ஒரு கிலோ தூளுக்குக்கூடக் காணாது. இவ்வளவு சின்ன எடையில் ஒரு கதை தொங்குகிறதே என்பதுதான் எனக்குப் பிடித்தது.

எங்கே ஆரம்பிப்பது, வர்ணனை எவ்வளவு, முடிவை எப்போது உடைப்பது என்று புதிதாக எழுதுகிறவர்கள் நிறையக் கேட்பார்கள். யார் சொல்கிறார்கள் என்பது முடிவாகிவிட்டால் அதில் பாதிக் கேள்வி தானே அடங்கிவிடும். இது ஒன்றும் புது யோசனை இல்லை. சங்கத்து அகப்பாட்டுகளைத் தொகுத்தவர்கள் பாட்டோடு ஒரு குறிப்பையும் வைத்தார்கள்: தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது, செவிலி நற்றாய்க்குச் சொன்னது என்று. அதற்குக் கூற்று என்று பெயர். அகத்திணையில் வருகிறவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. பெயர் தெரிய வேண்டாம், ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது தெரிந்தே ஆக வேண்டும். இரண்டில் எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ கதாபாத்திரத்துக்குப் பெயர் வைக்க ஒரு வாரம் யோசித்துவிட்டு, கூற்றை யோசிக்காமலே முதல் வரியை எழுதிவிடுகிறோம்.

சரி, இந்த 4 கிலோவைச் சொல்ல எத்தனை வாய் இருக்கிறது என்று பார்ப்போம்.

தாத்தாவே சொன்னால்

பெரும்பாலானவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் இது. கஷ்டம் யாருடையதோ அவரே 'நான்' என்று சொல்லிவிட்டால் நேராக நெஞ்சுக்குப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

"மூட்டையைக் கொக்கியில் மாட்டினேன். முள் முப்பத்தொன்றில் நின்றது. 'ஈரம் ஜாஸ்தி பெருசு, நாலு கழிச்சுக்கறேன்' என்றான். சரி தம்பி என்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளை என் முழங்கையை இடித்தாள். நான் திரும்பவில்லை."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். ஃபீஸ் விஷயம் தாத்தாவுக்குத் தெரியும். அந்த நிமிஷம் அவர் மனதில் அதைத் தவிர வேறெதுவும் இருக்காது. அதை அங்கேயே சொல்லிவிட்டால் கதை மூன்றாவது வரியில் முடிந்துபோகும். சொல்லாமல் மறைத்துவைத்துக் கடைசிப் பக்கத்தில் எடுத்து நீட்டினால், இவ்வளவு நேரம் என் காதோடு பேசிக்கொண்டிருந்தவர் இதை மட்டும் ஏன் ஒளித்தார் என்று வாசகருக்கு எரிச்சல் வரும். அவமானம் தாங்காமல் அவரே அதை நினைக்க மறுக்கிறார் என்று எழுதலாம். அதற்குக் கை நன்றாகத் தேர்ந்திருக்க வேண்டும். முதல் கதையில் கைகூடுவது கஷ்டம்.

இன்னொரு செலவும் உண்டு. அதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என்னுடைய முதல் கதை 14 பக்கம், இலை எடுக்கிற ஒரு பெண் 'நான்' என்று சொல்வதாக. ஆரம்பமே விடியற்காலை மூடுபனி, ஒன்றன்பின் ஒன்றாக நீல மலைகள், சில்வர் ஓக் மரங்களின் ஊடே சாய்கிற வெளிச்சம். கூடலூர் பக்கம் முப்பது வருஷம் இலை எடுத்த ஓர் அக்கா எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பக்கம் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, இவ இலை எடுக்கறாளா, மலை பாக்கறாளா?"

எனக்குப் புரியவில்லை.

"மலையப் பாத்தா கை நின்னுரும். கை நின்னா கிலோ நின்னுரும். கண்ணு இலை மேல இருக்கும், காது சூப்பர்வைசர் செருப்புச் சத்தத்து மேல இருக்கும், காலு அட்டை மேல இருக்கும். நீ சொல்றது கார்ல வர்றவங்க பாக்கறது."

அந்த 14 பக்கமும் போயிற்று. 'நான்' என்று எழுதினால், அந்த ஆள் பார்க்காத ஒன்றை எழுத உங்களுக்கு உரிமையில்லை. மலை ஊரில் எழுத வருகிற எல்லோருக்கும் இந்தப் பனிமூட்டம் ஒரு வியாதி மாதிரி. எங்கள் மாடியில் படிக்கிற கதைகளில் பாதி பனியில்தான் தொடங்கும். டிரைவருக்குப் பனி என்பது எதிரே வருகிற வண்டியின் மஞ்சள் விளக்கு. அம்மாவுக்கு அது மூன்று நாளாகக் காயாத பள்ளிக்கூட யூனிஃபார்ம். இலை கொண்டுவருகிற தாத்தாவுக்கு அது மூட்டையில் ஏறுகிற, நோட்டில் கழிகிற தண்ணீர். யார் சொல்கிறார்கள் என்று முடிவு செய்தால் எந்தப் பனி என்பதும் முடிவாகிவிடும்.

பக்கத்தில் நிற்கிற பெண் சொன்னால்

இதற்கும் 'நான்'தான். ஆனால் கதை இவளுடையது இல்லை, தாத்தாவுடையது. அகப்பாட்டில் தோழிக்கு அத்தனை பாட்டுகள் கிடைத்தது சும்மா இல்லை. காதல் தலைவிக்கு, பாடு தலைவிக்கு. ஆனால் பார்த்துக்கொண்டு, படபடத்துக்கொண்டு, நடுவில் புகுந்து பேசுகிறவள் தோழி.

"முள் முப்பத்தொன்றைத் தொட்டதை நான் பார்த்தேன். நோட்டில் இருபத்தேழு என்று எழுதினான். தாத்தாவின் முழங்கையை இடித்தேன். சந்தையில் நூறு கிராம் வெங்காயம் குறைந்தால் தராசுத் தட்டைத் தூக்கிப் பார்க்கிற மனிதர். அன்றைக்கு 'சரி தம்பி' என்றார். பஸ் வந்தது. எனக்கு டிக்கெட் கிடையாது, பெண்களுக்கு இலவசம். 'நீ போ பாப்பா, நான் நடந்து வர்றேன்' என்றார். மழையில் நடக்க அப்படி என்ன ஆசை என்று நினைத்தேன்."

அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நடக்கிறார் என்பது வாசகருக்கு எட்டிவிட்டது. சொல்கிறவளுக்கு எட்டவில்லை. அவள் பாட்டுக்குக் கோபமாக இருக்கிறாள். அவளுக்கும் வாசகருக்கும் நடுவில் ஒரு சந்து விழுகிறது பாருங்கள், கதை அதற்குள்தான் நடக்கிறது. தாத்தா வாயில் மறைத்தால் திருட்டாகத் தெரிகிற அதே ஃபீஸ் விஷயம், இவள் வாயில் நியாயமாகவே மறைந்து நிற்கும். அவளுக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

செலவு என்ன? அவள் இல்லாத இடத்துக்குக் கதை போக முடியாது. தாத்தா ஏஜென்டிடம் முன்பணம் கேட்ட அன்று இவள் ஹாஸ்டலில் இருந்தாள். அந்தக் காட்சியை எழுத முடியாது. புதிதாக எழுதுகிறவர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியும், ஏனென்றால் கண்ணீர் வரவழைக்கிற இடம் அதுதான் என்று மனதில் குறித்து வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காட்சி எழுதப்படாமல் போவதே நல்லது. அது ஒரு நோட்டாகவோ, ரசீதாகவோ, பாட்டி பாதியில் நிறுத்துகிற பேச்சாகவோ கதைக்குள் வந்தாக வேண்டியிருக்கும். அப்படி வருவதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது, காட்டத்தான் முடியும்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் நிற்கிறவள் வெறும் கேமராவாக நின்றால் கதை சப்பென்று ஆகிவிடும். அவளுக்கும் இதில் ஏதாவது போக வேண்டும், ஏதாவது வர வேண்டும். இங்கே அது தானாகவே அமைந்திருக்கிறது: ஃபீஸ் அவளுடையது. உங்கள் சம்பவத்தில் அப்படி அமையாவிட்டால் வேறு சாட்சியைத் தேடுங்கள்.

அவரா, அவனா, அவளா

படர்க்கையில் எழுதினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று தோன்றும். 'நான்' இல்லை, யாரோ ஒருவர் வெளியே நின்று சொல்கிறார். ஆனால் தமிழில் வெளியே நிற்பது அவ்வளவு சுலபமில்லை. நம் வினைச்சொல்லே சொல்கிறவரைக் காட்டிக்கொடுத்துவிடும். 'எழுதினான்' என்றால் ஒரு ஏஜென்ட், 'எழுதினார்' என்றால் வேறொரு ஏஜென்ட். முதல் வாக்கியத்தின் கடைசி எழுத்திலேயே நீங்கள் யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

நம் கதைகளைப் புரட்டிப் பாருங்கள். தாத்தா 'வந்தார்', பாட்டி 'வந்தாள்'. மேனேஜர் 'கேட்டார்', வாட்ச்மேன் 'சொன்னான்'. எழுதியவர்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள், கை அப்படிப் பழகியிருக்கிறது. எழுபது வயதுப் பாட்டியை 'அவள்' என்று எழுதிவிட்டு அந்தக் கதையிலேயே பெண் விடுதலை பேசுகிறவர்கள் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன்.

இதைத் தொல்லையாக நினைக்காமல் கருவியாக எடுத்துக்கொண்டால் படர்க்கை அருமையான வழி. ஒருவருடைய தோளுக்குப் பின்னால் நின்று சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் தோளுக்குப் பின்னால் நின்றால் ஏஜென்ட் 'எழுதினான்'. சின்னப் பையனாக இருந்ததிலிருந்து பார்த்தவன், தம்பி என்று கூப்பிடுகிறவன், அந்த 'ன்' உறவின் 'ன்'. பேத்தியின் பின்னால் நின்றாலும் 'எழுதினான்'தான், ஆனால் அது கோபத்தின் 'ன்'. ஏஜென்டின் பின்னால் நின்று பாருங்கள், தாத்தா 'வந்தார்' என்றுகூட இருக்காது. 'பெருசு வந்தது.' மனிதர் அஃறிணை ஆகிவிட்டார். ஒரு பத்தி விளக்கம் செய்ய வேண்டிய வேலையை ஒரு விகுதி செய்துவிட்டது. வேறு பல மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. நாம் அதைக் கவனிக்காமலே செலவழிக்கிறோம்.

இந்த வழியில் வழுக்குகிற இடம் ஒன்றுதான், ஆனால் எல்லோரும் அங்கேதான் வழுக்குகிறார்கள். தாத்தாவின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டு, நடுவில் "ஏஜென்டுக்கு உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது" என்று எழுதிவிடுவார்கள். அது தாத்தாவுக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிவதை எழுதினால் போதும்: "ஏஜென்ட் பேனாவை இரண்டு தடவை உதறினான். மை வந்துகொண்டுதான் இருந்தது." ஒருவர் மண்டையிலிருந்து இன்னொருவர் மண்டைக்குத் தாவத் தோன்றும்போதெல்லாம், அந்த உணர்ச்சி கையிலோ காலிலோ எங்கே வெளிப்படும் என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த உணர்ச்சியை விட்டுவிடுங்கள், குடி முழுகிவிடாது.

தாத்தாவின் பக்கம் நின்று படர்க்கையில் எழுதினால் ஃபீஸ் ரகசியத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். 'நான்' அளவுக்கு நெருக்கம் இல்லை என்பதால் வாசகர் அவ்வளவு கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் கொஞ்சம்தான்.

எல்லாம் தெரிந்தவர் சொன்னால்

தாத்தா மனசும் தெரியும், பேத்தி மனசும் தெரியும், ஏஜென்டின் கடன் கணக்கும் தெரியும். கதைசொல்லி மேலே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். பழைய தொடர்கதைகள் பலவும் இப்படித்தான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் நடுவில் வந்து ராஜாவையும் கிண்டல் செய்துவிட்டு நம்மிடமும் பேசிவிட்டுப் போகிறானே, அந்த உரிமை.

இந்தச் சம்பவத்துக்கு இது பொருந்தாது. எல்லோர் மனசும் திறந்து கிடந்தால் தாத்தாவின் மௌனம் மௌனமாகவே இருக்காது. ஆனால் கதை பெரிதானால் நிலைமை மாறும். அந்தத் தாத்தா, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, நீலகிரிக்கு வந்து சேர்ந்தவராக இருக்கலாம். ஏஜென்டின் அப்பாவும் அதே கப்பலில் வந்திருக்கலாம். கண்டியில் ஒருவர் மற்றவருக்குச் செய்த உதவி, கோத்தகிரியில் அடுத்த தலைமுறையில் ஒரு தராசில் வந்து நிற்கலாம். இதைச் சொல்ல பேத்தியால் முடியாது, அவளுக்கு அவ்வளவு தெரியாது. அந்தக் கதைக்கு மேலே இருந்து பார்க்கிறவர் வேண்டும். ஆனால் அது சிறுகதை இல்லை, நாவல்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற ரயிலில் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். முன்பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு எஞ்சின் தெரியாது, மலைதான் தெரியும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் பிடிக்கிற இடத்தில் ஒரு உதறல், அவ்வளவுதான். எல்லாம் தெரிந்த கதைசொல்லி இந்த எஞ்சின் மாதிரி இருக்க வேண்டும். புதியவர்கள் கையில் அது முன்னால் வந்து நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும்: "பாவம், அந்த முதியவருக்கு வறுமை எவ்வளவு கொடியது என்று தெரிந்திருந்தது." அவசரப்படாதீர்கள். 1899-இல் குன்னூருக்கு வந்துவிட்ட ரயிலே ஊட்டியை எட்ட 1908 ஆயிற்று.

நாங்கள்

அதிகம் யாரும் முயலாத ஒரு வழி. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது.

"ஷெட்டில் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். முப்பத்தொன்று என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் மூட்டைகளும் அதே கொக்கிக்காகக் காத்திருந்தன."

அகப்பாட்டில் கண்டோர் கூற்று என்று ஒன்று உண்டு. வழியில் பார்த்தவர்கள் சொல்வது. ஊர் வாய். சின்ன ஊரில் யார் யாரிடம் முன்பணம் வாங்கினார்கள் என்பது ஷெட்டுக்குத் தெரியாமல் இருக்காது, அதனால் ரகசியத்தை இவர்களே எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் கதையின் கனம் இடம் மாறிவிடும். தாத்தா ஏன் பேசவில்லை என்பது போய், நாங்கள் ஏன் பேசவில்லை என்று ஆகிவிடும். அது வேண்டுமா வேண்டாமா என்பதுதான் யோசிக்க வேண்டியது.

தமிழில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'நாங்கள் பதினோரு பேர் இருந்தோம்' என்றால் வாசகர் ஷெட்டுக்கு வெளியே. 'நாம் பதினோரு பேர் இருந்தோம்' என்றால் அவரும் மூட்டையோடு உள்ளே வந்து நிற்கிறார், வாயைத் திறக்காதவர்களில் ஒருவராக. ஒரே ஒரு சொல். கதை முழுக்க 'நாங்கள்' என்று வந்து, கடைசியில் ஓரிடத்தில் மட்டும் 'நாம்' என்று மாறினால் என்ன ஆகும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு ஆசை. எழுதத்தான் இன்னும் ஒரு சம்பவம் கிடைக்கவில்லை. 2009 நவம்பர் மண்சரிவு மாதிரி ஊரே சேர்ந்து பட்ட ஒன்றை எழுதுவதாக இருந்தால் இந்த வழியைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன்.

கஷ்டம் என்னவென்றால் நீளம். நான்கு பக்கத்துக்கு மேல் போனால் கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் முகம் காட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் தீர்மானம் வாசிப்பது மாதிரி ஆகிவிடும்.

மற்ற வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஆம்' போட்டுச் சொல்வது: "கிழவர் இலை கொண்டுபோனாராம். முப்பத்தொரு கிலோவாம். எழுதினது இருபத்தேழாம்." பாட்டி கதைக்கும் வம்புப் பேச்சுக்கும் உரிய விகுதி. சொல்கிறவர் எதற்கும் பொறுப்பேற்காமல் கையைத் துடைத்துக்கொள்வார், அதிலேயே ஒரு நக்கல் வந்துவிடும். கிண்டல் கதைக்கும் நாட்டார் சாயல் கதைக்கும் நன்றாக ஒத்துப்போகும். இந்தத் தாத்தாவுக்கு ஆகாது, அவரைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். 'நீ' என்று முன்னிலையில் எழுதுவது முதல் பக்கத்தில் புதுசாகவும் மூன்றாவது பக்கத்தில் யாரோ நம்மைத் திட்டுவது போலவும் இருக்கும். கடிதம், வாட்ஸ்அப் குரல் பதிவு என்று எழுதுவது சுவாரசியம்தான். ஆனால் பேசுகிற இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை வாசகருக்காக மறுபடி சொல்ல வேண்டிய இடத்தில் குட்டு உடையும். "உனக்குத்தான் தெரியுமே, நம்ம தாத்தா அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து..." என்று எந்த அக்காவும் தங்கைக்கு எழுத மாட்டாள்.

எந்தத் தமிழில்

வாயை முடிவு செய்தால் நாக்கையும் முடிவு செய்ய வேண்டும். 'நான்' என்று பேத்தி சொல்வதாக இருந்தால் அவள் பேசுகிற மாதிரியே எழுதுவதா, எழுத்துத் தமிழிலா? எங்கள் கூட்டத்தில் ஒருவர் கதை முழுவதையும் 'போயிட்டிருந்தேனுங்க, அப்பறம் பாத்தேனுங்க' என்றே எழுதி வந்தார். படிக்கக் கேட்டபோது பிரமாதம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததை வீட்டில் போய்ப் படித்தால் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் உச்சரித்துத்தான் பொருள் பிடிக்க முடிந்தது.

எனக்குச் சரியென்று படுவது: இலக்கணம் எழுத்துத் தமிழாக இருக்கட்டும், சொல் பேச்சிலிருந்து வரட்டும். 'சென்றேன்' வேண்டாம், 'போனேன்' போதும். 'பேருந்து' என்று அந்தப் பெண் மனதுக்குள் நினைக்க மாட்டாள், 'பஸ்' என்றுதான் நினைப்பாள். வட்டார வழக்கை மேற்கோள் குறிக்குள் மட்டும் அவிழ்த்துவிடுங்கள். அதிலும் எங்கள் மலையில் ஒரே பஸ்ஸுக்குள் நாலு விதத் தமிழ் கேட்கும்: மேட்டுப்பாளையம் பக்கத்துக் கொங்குத் தமிழ், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் தமிழ், படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்களின் தமிழ், கூடலூர்க்காரர்களின் மலையாளம் கலந்த தமிழ். தாத்தா எதைப் பேசுவார், ஏஜென்ட் எதைப் பேசுவான் என்று தெரியாவிட்டால், தெரிந்த மாதிரி எழுதாதீர்கள். "சரி தம்பி" எல்லாத் தமிழிலும் "சரி தம்பி"தான்.

யாரிடம் சொல்கிறாள் என்பதும் சேர்ந்து வரும். ஹாஸ்டல் தோழியிடம் அன்றைக்கு ராத்திரியே சொல்கிறாளா, பத்து வருஷம் கழித்துத் தன் மகளிடம் சொல்கிறாளா? பத்து வருஷம் கழித்து என்றால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தச் சந்து அடைபட்டுவிடும். அவள் தாத்தா மாதிரியே மறைக்க வேண்டியிருக்கும். நான் அன்றைக்கு ராத்திரி என்றே வைத்துக்கொள்வேன். அதிகம் போனால் அந்த லீவு முடிவதற்குள்.

இவ்வளவையும் மாடியில் சொல்லிவிட்டு, வழக்கமாகச் சொல்கிற வேலையை அந்தப் பெண்ணுக்கும் சொன்னேன். தராசு முன்னால் நடக்கிற அந்த அரைப் பக்கத்தை மட்டும் மூன்று வாயில் எழுதிப் பாருங்கள். 150 சொல் போதும். மூன்று சாயங்காலம் ஆகும். சத்தமாகப் படியுங்கள். எந்த இடத்தில் விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுக்கிறதோ, அந்த வாய் உங்கள் கதைக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். உங்கள் சம்பவத்தில் ரகசியமே இல்லை, ஒரு மனிதரின் நாள் மட்டும்தான் என்றால், தோளுக்குப் பின்னால் நிற்கிற படர்க்கை போதும், சுலபமும்கூட. ரகசியம் இருந்தால் அது தெரியாத ஆளைத் தேடுங்கள். முதல் கதைக்கு நான் கை காட்டுவது தோழி பக்கம்தான். எங்கள் கூட்டத்திலேயே இதற்கு எதிர்க்கட்சி உண்டு. கடை நண்பர் படர்க்கையைத் தவிர வேறெதையும் கதை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த மாதம் அந்தப் பெண் மூன்றையும் எழுதிக்கொண்டு வந்தார். தாத்தா வாயில் எழுதியதை அவரே பாதியில் நிறுத்தியிருந்தார். 'நாங்கள்' நன்றாக வந்திருந்தது, ஆனால் அதில் பேத்தி காணாமல் போய்விட்டாள். பேத்தி சொல்வதைத்தான் முழுக் கதையாக வளர்த்திருந்தார். கண் சரியாகத் தெரியாத தாத்தாவுக்காக அவள் இலை நோட்டைக் கூட்டிப் பார்க்கிறாள். 27, 24, 30. நடுவில் ஒரு பக்கத்தில் 'அட்வான்ஸ்' என்று ஒரு தொகை, பக்கத்தில் தேதி. கதையில் அதற்கடுத்த வரி: "என் பெட்டியில் இருந்த ஃபீஸ் ரசீதை எடுத்துப் பார்த்தேன். அதே தேதி."

அதற்குக் கீழே, "அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பென்சிலால் அடித்துக் கொடுத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அந்த வரியிலதான் அழுதாங்க என்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம்.